வீடு மாறுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்" என்று சொல்லிவைத்தார்கள் நம் பெரியவர்கள். திருவனந்தபுரத்தில் பல ஆண்டுகள் குடியிருந்துவிட்டு ஊர் திரும்பும் எந்தத் தமிழரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "வீட்டைக் காலி செய்து பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்.

இந்த நகரத்துத் தமிழர்களில் பெரும்பாலோர் எப்போதாவது மூட்டை கட்டியே தீர வேண்டியவர்கள். வங்கி ஊழியருக்கு மாற்றல் உத்தரவு வரும். மத்திய அரசு அலுவலகங்களிலும் தும்பாவிலும் வேலை பார்த்தவர்கள் ஓய்வு பெற்றதும் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போக நினைப்பார்கள். கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் இளைஞர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி மாறுகிறார்கள். கம்பெனியோடு ஊரும் மாறுகிறது. கோட்டையிலும் வலியசாலையிலும் கரமனையிலும் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களில்கூட, பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் நிலைத்துவிட, முதியவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவர்களோடு போய்ச் சேருகிறார்கள்.

இத்தனை பேரும் வீடு மாறத் தீர்மானித்ததும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். கேள்வியில் தவறில்லை. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. "சாமான் வாசலைத் தாண்டியது முதல் புது வீட்டுக்குள் வந்து சேரும் வரை அதற்குப் பொறுப்பு யார்?" என்பதே அது. எந்தவிதமான வண்டியை, எந்தவிதமான ஏற்பாட்டை அமர்த்துவது என்பதற்கு விடை இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. பேர்பெற்ற கம்பெனியா, தெரு முனை டெம்போவா என்பதில் இல்லை.

வழிகள் நான்கு

முதல் வழி, டெம்போ அல்லது மினி லாரியை நாமே பேசி, ஏற்றி இறக்க ஆட்களையும் நாமே அமர்த்திக்கொள்வது. மணக்காட்டிலிருந்து பேரூர்க்கடைக்குப் போகிறவருக்கும், ஏன், சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கும் நாகர்கோவிலுக்குப் போகிறவருக்கும் இதுவே சிக்கனம். காலையில் ஏற்றினால் அன்றே இறக்கிவிடலாம். வீட்டு ஆள் ஒருவர் வண்டியிலேயே உட்கார்ந்து போகலாம். ஆனால் இங்கே டிரைவர் வண்டிக்கு மட்டுமே பொறுப்பு. அட்டைப்பெட்டியில் பாத்திரத்தைச் சரியாக அடுக்காததும், பீரோக் கண்ணாடிக்குச் சமுக்காளம் சுற்றாததும் நம் பொறுப்பு. அதைத் தெரிந்துகொண்டு செய்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது, பார்சல் லாரி. நம் சாமான் லாரியில் ஒரு மூலை. மீதி இடம் மற்றவர்களின் சரக்கு. 750 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் சென்னைக்குப் பத்துப் பன்னிரண்டு உருப்படிகளை மட்டும் அனுப்புகிறவருக்கு முழு லாரி பிடிப்பது வீண் செலவு. இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சாமான் பெரும்பாலும் ஒரே லாரியில் போய்ச் சேராது. நடுவே கிடங்கில் இறக்கி, வேறு லாரியில் ஏற்றுவார்கள். உடைவதும் காணாமற்போவதும் அநேகமாக அந்தக் கைமாற்றத்தில்தான். ஆகவே புத்தகம், துணி, பாத்திரம் போன்ற தாங்கும் பொருள்களுக்கு இது பொருந்தும். கண்ணாடி அலமாரிக்கும் தஞ்சாவூர்ப் படத்துக்கும் பொருந்தாது. எத்தனை நாளில் வரும் என்பதிலும் சற்றுப் பொறுமை வேண்டும்.

மூன்றாவது, ரயில் பார்சல். மோட்டார் சைக்கிளையும் ஸ்கூட்டரையும் தம்பானூர் ரயில் நிலையத்தில் பதிவு செய்து அனுப்புவது பழகிய வழக்கம். பெட்ரோலை முழுவதும் வடித்துவிட வேண்டும். பதிவுச் சான்றின் நகல் வேண்டும். சாக்குச் சுற்றிக் கட்ட வேண்டும். வீட்டுச் சாமான் சிலவற்றையும் இப்படி அனுப்பலாம். ஆனால் மதிப்பை அறிவித்து அதற்குரிய கூடுதல் கட்டணத்தைக் கட்டாவிட்டால், பார்சல் தொலைந்தால் ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 50 ரூபாய்தான். 40 கிலோ பெட்டியில் கல்யாணப் பட்டுப்புடவைகளை வைத்து அனுப்பி, பெட்டி போய்விட்டால் கிடைப்பது அதிகம் போனால் 2,000 ரூபாய். புடவை ஒன்றின் விலைக்குக்கூடக் காணாது.

நான்காவது, கட்டி ஏற்றி இறக்கி அவிழ்த்துத் தரும் 'பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்' கம்பெனிகள். வயதானவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், மாற்றலில் உடனே போய் வேலையில் சேர வேண்டியவர்கள் ஆகியோருக்கு இதுதான் வசதி. செலவும் இதில்தான் அதிகம். நாம் கொடுக்கும் கூடுதல் பணம் அட்டைப்பெட்டிக்கும் நுரைத்தாளுக்கும் மட்டும் அல்ல. முழுப் பொறுப்பையும் ஒருவர் தலையில் வைப்பதற்காகத்தான். அந்தப் பொறுப்பை அவர் எழுத்தில் ஏற்கவில்லையென்றால், டெம்போவுக்கு ஆகும் காரியத்துக்கு இரண்டு மடங்கு கொடுத்தோம் என்றுதான் அர்த்தம்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

இந்த நான்காவது வழியில்தான் பொல்லாங்கும் அதிகம். கம்பெனிகளில் இரண்டு ரகம் உண்டு. சொந்த லாரியும் சொந்த ஆட்களும் வைத்திருப்பவர் ஒரு ரகம். ஒரு டெலிபோனும் ஒரு விளம்பரமும் மட்டும் வைத்துக்கொண்டு, நம்மிடம் முன்பணம் வாங்கி, வேலையை வேறொருவருக்குக் கைமாற்றிவிடும் தரகர் இன்னொரு ரகம். பேர்பெற்ற கம்பெனியின் பெயரிலேயே ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ பலகை மாட்டிக்கொள்வோரும் உண்டு.

தரகர் சொல்லும் தொகை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். சாமான் ஏறிய பிறகுதான் கணக்கு வளரும். சாமான் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்பார்கள், மூன்றாவது மாடி என்று முன்பே சொல்லவில்லை என்பார்கள், ஜி.எஸ்.டி. தனி என்பார்கள். பேசிய தொகைக்கு மேல் கொடுத்தால்தான் இறக்குவோம் என்று புது வீட்டு வாசலில் லாரியை நிறுத்திக்கொள்வது இந்தத் தொழிலின் மிக மோசமான நோய். கைக்குழந்தைக்குப் பால் காய்ச்சப் பாத்திரம் லாரிக்குள் இருக்கும்போது யார்தான் நியாயம் பேசிக்கொண்டு நிற்க முடியும்? கேட்டதைக் கொடுத்துவிடுகிறார்கள்.

இதற்கு மருந்து, ஏற்றுவதற்கு முன் எடுக்கும் எச்சரிக்கைதான். வீட்டுக்கு வந்து சாமான்களைப் பார்க்காமல், டெலிபோனிலேயே தொகை சொல்கிறவரை அமர்த்தக் கூடாது. அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணை வாங்கி அரசின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால், அது எந்தப் பெயரில், எந்த ஊரில் பதிவானது என்று அங்கேயே தெரிந்துவிடும். அலுவலகம் என்று சொல்லும் இடத்துக்கு ஒருநாள் நேரில் போய்ப் பார்ப்பதும் நல்லது. முழுத் தொகையையும் முன்னதாகக் கொடுப்பது கூடவே கூடாது.

நோக்குகூலி என்ற பூதம்

இனி, கேரளத்துக்கே உரிய விஷயத்துக்கு வருவோம். சுமைதூக்கும் வேலையைத் தாம் செய்யாமல், பிறர் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குக் கேட்கும் கூலிக்கு இங்கே 'நோக்குகூலி' என்று பெயர். நோக்குவதற்கே கூலி! தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டால் முதலில் சிரிப்பார்கள், பிறகு பயப்படுவார்கள். இந்தப் பயம் வீடு மாறும் செலவை ஏற்றிவிடுகிறது. "அங்கே யூனியன் தகராறு வரும், அதற்கும் சேர்த்துத்தான் இந்தத் தொகை" என்று பயத்தையே மூலதனமாக்கிக்கொள்ளும் தரகர்களும் இருக்கிறார்கள்.

விஷயத்தின் இரு பக்கத்தையும் பார்ப்பது நியாயம். 1978-ஆம் ஆண்டின் பெயர் தாங்கிய கேரளச் சுமைதூக்கும் தொழிலாளர் சட்டம் வந்தது. அதற்குப் பிறகுதான் முதுகெலும்பு தேய உழைத்த அந்தத் தொழிலாளிக்கு நிர்ணயித்த கூலி, அடையாள அட்டை, நலநிதி எல்லாம் கிடைத்தன. சாலை பஜாரில் அரிசி மூட்டையைத் தலையில் தூக்கிச் செல்லும் மனிதரின் வாழ்வுக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. குறை சொல்லவும் கூடாது. பீரோவை மூன்றாவது மாடிக்குத் தூக்கிச் செல்கிறவர் கேட்கும் கூலியில் பத்து ரூபாய் பேரம் பேசி மிச்சம் பிடிப்பதில் நமக்குப் பெருமையும் இல்லை.

ஆனால் தூக்காத சுமைக்குக் கூலி கேட்பது அந்தச் சட்டத்தின் பிள்ளை அல்ல. அதே சட்டம், 'சுமைதூக்கும் தொழிலாளி' யார் என்று வரையறுக்கும்போது, தனிமனிதர் ஒருவர் தம் வீட்டுத் தேவைக்காக அமர்த்தும் ஆளை அந்த வரையறையிலிருந்து விலக்கியிருக்கிறது. அதாவது, உங்கள் வீட்டுக் கட்டிலையும் அலமாரியையும் நீங்களோ, உங்கள் பிள்ளைகளோ, நீங்கள் அமர்த்திய ஆளோ இறக்கினால் அதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. கேரள அரசு 2018 மே முதல் தேதியிலிருந்து நோக்குகூலி கிடையாது என்று அறிவித்தது. அப்படியும் அது அடங்கவில்லை. 2021 செப்டம்பரில் தும்பாவில் விண்வெளி மையத்துக்கு வந்த பெரும் இயந்திரச் சரக்கையே மறித்து, பத்து லட்சம் ரூபாய் கேட்டதாகச் செய்தி வந்தபோது நாடே திகைத்தது. கேரள உயர்நீதிமன்றம் அந்த ஆண்டில் இதை வன்மையாகக் கண்டித்து, நோக்குகூலி கேட்பதைப் பணம் பறிக்கும் குற்றமாகவே கருதி வழக்குப் பதிய வேண்டும் என்ற நிலையை எடுத்தது.

ஒரு நுணுக்கத்தை மட்டும் மறக்கக் கூடாது. வீட்டுக்காரர் தாமே அமர்த்தும் ஆளைப் பற்றித்தான் சட்டத்தின் விலக்கு தெளிவாக இருக்கிறது. கம்பெனியின் ஆட்கள் வந்து ஏற்றும்போது, உள்ளூர்த் தொழிலாளர்கள் தங்களுக்கு வேலை தர வேண்டும் என்று உரிமை கோரித் தகராறு எழுவது உண்டு. அந்தத் தகராறில் வீட்டுக்காரர் நடுவே மாட்டிக்கொள்ளத் தேவையில்லை. "இரு முனையிலும் ஏற்றுகூலி, இறக்குகூலி, அதில் எழும் எந்தக் கோரிக்கையும் கம்பெனியின் பொறுப்பு" என்று ஒரே ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டால் போதும். அந்த வரியை எழுத மறுக்கிற கம்பெனி, பிரச்சினை வரும்போது உங்கள் பக்கம் நிற்காது என்பதை அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

காகிதம்தான் காவல்

லாரியில் பொருள் ஏற்றி அனுப்புவோருக்கு நாட்டில் நல்ல சட்டமே இருக்கிறது. 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டுச் சாலைவழிச் சரக்குச் சட்டம் 2007-இல் நிறைவேறியது. 2011 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பொதுச் சரக்கு ஏற்றும் தொழில் செய்கிறவர் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். நாம் பொருளின் விவரத்தையும் மதிப்பையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் ரசீது தர வேண்டும். ஏற்றுக்கொண்ட சரக்குக்கு அந்த ரசீதே சாட்சி.

இங்கேதான் நம்மவர் பலர் சறுக்குகிறார்கள். நாமாக மதிப்பை உயர்த்திச் சொல்லி அதற்கான கூடுதல் கட்டணத்தைக் கட்டாவிட்டால், லாரிக்காரரின் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். 6,000 ரூபாய் வாடகை என்றால் 60,000 ரூபாய். வீட்டில் இருந்தது மூன்று லட்சம் ரூபாய்ப் பொருளானாலும் அவ்வளவுதான். அதிலும் கட்டணம் குறையட்டும் என்று மதிப்பு 20,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்திருந்தால், அந்த 20,000-க்கு மேல் கேட்கவே முடியாது. ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஐம்பதாயிரத்தை விட்டுக்கொடுக்கும் கதை இது.

இன்ஷூரன்ஸ் என்ற பெயரில் நடப்பதையும் கவனிக்க வேண்டும். சில கம்பெனிகள் பொருள் மதிப்பில் நூற்றுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கின்றன. ஆனால் எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் பாலிசி எடுப்பதில்லை. பாலிசி எண்ணும், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயரும், உங்கள் பெயரும் அச்சான தாளைக் கையில் வாங்காமல் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இவற்றோடு ஒரு பட்டியல் வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு பிரதி எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஏற்கெனவே கீறல் விழுந்த மேசையை இருவரும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் காலத்தில் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது; ஏற்றும் முன் ஒவ்வொரு சாமானையும் படம் எடுத்துக்கொள்ள ஒரு மணி நேரம் போதும். நகை, ரொக்கம், வீட்டுப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றை எந்த வண்டியிலும் ஏற்றக் கூடாது. அவை நம்மோடு கைப்பையில் வர வேண்டும். எரிவாயு சிலிண்டரை லாரியில் கொண்டுபோகவே கூடாது. ஏஜென்சியில் ஒப்படைத்து மாற்றல் சீட்டு வாங்கிக்கொண்டால் புது ஊரில் இணைப்புக் கிடைக்கும்.

எல்லை தாண்டுவதைப் பற்றியும் வீண் பயம் வேண்டாம். அமரவிளையில் விற்பனை வரிச் சோதனைக்காக லாரிகள் வரிசையில் காத்துக் கிடந்த காலம் 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததோடு முடிந்தது. பயன்படுத்திய சொந்த வீட்டுச் சாமான்களுக்கு 'இ-வே பில்' தேவையில்லை என்று அந்த விதிகளிலேயே விலக்கு இருக்கிறது. அதற்கென்று தனியாகப் பணம் கேட்கிறவரிடம் இதைச் சொல்லலாம். சாமான் பட்டியலும் மாற்றல் உத்தரவின் நகலோ பழைய முகவரிச் சான்றோ டிரைவரிடம் இருந்தால், வழியில் யாராவது கேட்டால் காட்ட வசதி.

தவறு நடந்துவிட்டால்

சாமான் இறங்கும்போதே பட்டியலோடு ஒத்துப் பார்த்து, உடைந்ததையும் குறைந்ததையும் டெலிவரித் தாளிலேயே எழுதிவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று போட்ட கையெழுத்தை அப்புறம் அழிக்க முடியாது. சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ரயிலில் போன பார்சலுக்கு இந்தக் கெடு ஆறு மாதம்.

அதன் பிறகு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த ஒரு மாறுதல் வீடு மாறுவோருக்கென்றே செய்தது போல இருக்கிறது. முன்பெல்லாம் கம்பெனி இருக்கும் ஊருக்கோ சம்பவம் நடந்த ஊருக்கோ போய்த்தான் வழக்குப் போட வேண்டியிருந்தது. இப்போது புகார் செய்கிறவர் எங்கே வசிக்கிறாரோ, எங்கே வேலை பார்க்கிறாரோ அந்த மாவட்ட ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். திருவனந்தபுரத்தில் சாமான் ஏற்றி மதுரையில் குடியேறியவர், மதுரையிலேயே கேட்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு மிகாதவரை மனுக் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஆணையத்தின் முன் பேசப் போவது நம் கண்ணீர் அல்ல. நம் கையிலுள்ள ரசீது.

சங்கங்கள் செய்யக்கூடியது

"இத்தனை காகிதம் கேட்டால் நம்மைச் சந்தேகப் பிராணி என்று நினைப்பார்களே" என்று சிலர் கூசுகிறார்கள். நல்ல தொழில்காரர் அப்படி நினைக்க மாட்டார். தாமே ரசீதும் பட்டியலும் எடுத்து நீட்டுவார். ஏனென்றால் நாளைக்குப் பொய்ப் புகார் வந்தால் அந்தக் காகிதம் அவரையும் காப்பாற்றும். எழுதக் கேட்டதும் முகம் சுளிக்கிறவரை ஏற்றும் முன்பே இனங்கண்டுகொள்வது லாபந்தானே?

இன்னொரு கேள்வியும் வரும். "டெம்போவுக்கே திண்டாடுகிறவனுக்கு இன்ஷூரன்ஸும் ஒப்பந்தமும் எதற்கு?" உண்மையில் அவருக்குத்தான் இவை அதிகம் வேண்டும். வசதியுள்ளவர் பிரிஜ் உடைந்தால் புதிது வாங்கிக்கொள்வார். மாதச் சம்பளக்காரரின் தையல் மிஷின் போனால், அந்த வீட்டின் பாதி வருமானம் போயிற்று. அவருக்கு ஆகும் செலவு ஒரு நோட்டுப் புத்தகத் தாளும் பேனாவும்தான். டெம்போ டிரைவரின் பெயர், வண்டி எண், பேசிய தொகை, உருப்படிகளின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் எழுதி அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டால், அதுவே ஏழையின் ஒப்பந்தம்.

இதில் தனிமனிதர் செய்யக்கூடியது கொஞ்சம்; சங்கங்கள் செய்யக்கூடியது அதிகம். இந்த நகரத்தில் குடியிருப்போர் சங்கம் இல்லாத தெரு அபூர்வம். தமிழர் அமைப்புகளும் பொங்கலும் ஆண்டு விழாவும் சிறப்பாக நடத்துகின்றன. அவை தம் உறுப்பினர்கள் அமர்த்திப் பார்த்து நல்லது என்று சொன்ன வண்டிக்காரர், கம்பெனிகளின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தால், புதிதாகக் காலி செய்கிறவர் விளம்பரத்தை நம்பி அலைய வேண்டியதில்லை. தொழிலாளர் துறையும், ஏற்றுகூலி இறக்குகூலி விகிதங்களையும் புகார் செய்ய வேண்டிய அதிகாரி யார் என்பதையும் எல்லாரும் பார்க்கும் இடங்களில் மலையாளத்திலும், பாறசாலை போன்ற எல்லைப் பகுதிகளில் தமிழிலும் எழுதி வைக்க வேண்டும். கூலி எவ்வளவு என்று தெரிந்தவனிடம் யாரும் கூடுதலாகக் கேட்க மாட்டார்கள். உழைத்தவருக்கும் உரியது தடையின்றிக் கிடைக்கும்.

நாலு தலைமுறை உருட்டிய உருளியையும், பாட்டி ஆடிய ஊஞ்சல் பலகையையும், பிள்ளை படித்த புத்தகத்தையும் முன்பின் தெரியாதவர் கையில் ஒப்படைக்கிறோம். நம்பிக்கை இல்லாமல் அது நடக்காது. அந்த நம்பிக்கைக்கு ஒரு கையெழுத்துக் கேட்பதில் குற்றமில்லை. அடுத்த முறை வண்டி பேசும்போது "எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன், "பொறுப்பு யார்?" என்று கேளுங்கள்.